என் பெயரில் அவள் நடந்தது

20 ஜனவரி 2025, திங்கள்

பாலிகிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து ஏழு நிமிடம் திட்டு வாங்கினேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9, ஏழை ஒட்டி இருக்க வேண்டுமாம். டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. "மிஸ்டர் தில்லையம்பலம், ஏப்ரலிலும் இப்படியே இருந்தால் இன்சுலின்தான்" என்று சிரித்தபடியே சொன்னார். ஊசி! ரத்தம் எடுக்கும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவன் நான்.

ஐம்பத்தெட்டு வயதில் திருந்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். தினமும் எட்டாயிரம் காலடி. எழுதியதுமே பாதி நோய் போனதுபோல் இருக்கிறது.

27 ஜனவரி, திங்கள்

2,140. மழை.

3 பிப்ரவரி, திங்கள்

சீனப் புத்தாண்டு முடிந்து திறந்த முதல் நாளே அலுவலகத்தில் ஒரு போட்டி. எங்கள் கார்கோ கம்பெனியில் மொத்தமே பன்னிரண்டு பேர். நான்கு பேருக்கு ஓர் அணி, ஆளுக்கொரு கைக்கடிகாரம். நடந்தால் அது எண்ணுமாம். எங்கள் அணிக்கு சேவியர் தலைவன். "தில்லை அண்ணே, உங்களாலதான் நாம தோக்கப் போறோம் லா" என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான். பார்க்கிறேன்டா தம்பி.

9 பிப்ரவரி, ஞாயிறு

உட்கார்ந்தபடியே கையை ஆட்டினாலும் அது எண்ணுகிறது! செய்தி பார்த்துக்கொண்டே அறுநூறு. மணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, ஈ ஓட்டுறீங்களா?" என்றாள். மணி என்றால் குணமணி, என் மனைவி. கை வலிக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. மணி பாலர் பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் கையிலேயே கட்டி அனுப்பினேன். "ஆபீஸ் போட்டிக்குத்தான். ரெண்டு வாரம் போட்டுக்கோ."

"என் காலையும் கடன் வாங்கிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். இரவு பார்த்தால் 13,870! பாலர் பள்ளியில் அப்படி என்னதான் ஓட்டமோ.

20 பிப்ரவரி, வியாழன்

அணியில் நான் முதலிடம். சேவியர் கைகொடுத்தான். கடிகாரம் எங்கே என்றான். சார்ஜில் இருக்கிறது என்றேன். அவன் மூஞ்சியைப் பார்த்தால் நம்பியது போலத்தான் இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம்தான்.

16 மார்ச், ஞாயிறு

எங்கும் போகவில்லை. ஆட்டுக்கறி. நல்ல ஓய்வு.

(போட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் கடிகாரம் மணியின் கையில்தான் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது, எடுக்க மனம் வரவில்லை.)

22 ஏப்ரல், செவ்வாய்

9.1.

டாக்டர் என் கைப்பேசியை வாங்கி, காலடிக் கணக்கைப் பார்த்தார். சராசரி பன்னிரண்டாயிரம். ரொம்ப நேரம் யோசித்தார். "இவ்வளவு நடந்தும் சர்க்கரை ஏறுகிறது என்றால் உங்கள் உடம்புக்கு மாத்திரை போதவில்லை. உங்கள்மேல் தப்பில்லை. இன்சுலின் ஆரம்பித்துவிடலாம்." எவ்வளவு கனிவாகச் சொன்னார்! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை நர்ஸ் ஊசி போடச் சொல்லித் தருவாராம்.

மணி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பஸ் ஏறி ஈசூனில் எங்கள் வீட்டு நிறுத்தத்துக்கு வந்தோம். இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள், "நான் நடந்ததுக்கு நீங்க ஊசி போட்டுக்கப் போறீங்களா?"

23 ஏப்ரல், புதன்

தூக்கமில்லை. இந்த வயசுல போய் டாக்டர்கிட்ட 'ஏமாத்திட்டேன் மேடம்'னு எப்படிச் சொல்றது? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி! ஆனா சொல்லாம அந்த மருந்தை ஏத்திக்கிட்டா? யாரை ஏமாத்தறேன் நான் — சேவியரையா, டாக்டரையா? மடையன்.

24 ஏப்ரல், வியாழன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். மணியைக் கூப்பிடவில்லை. இதை நான் தனியாகத்தான் சொல்ல வேண்டும். எண் வாங்கி, காத்திருந்து, உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னேன். "அந்தக் காலடி எதுவும் என்னுடையது இல்லை, டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். இன்சுலினை மூன்று மாதம் தள்ளி வைக்கலாம், ஆனால் இந்த முறை நீங்களே நடக்க வேண்டும் என்றார். பிறகு, "அப்படியானால் அவை யாருடையவை?" என்றார்.

"என் மனைவியுடையது."

"அவர் ரத்தப் பரிசோதனை செய்து எவ்வளவு காலம் ஆகிறது?"

எனக்குத் தெரியவில்லை. என் சர்க்கரை, என் கொழுப்பு, என் மாத்திரை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெட்கமாக இருந்தது.

27 ஏப்ரல், ஞாயிறு

கைப்பேசியில் பழைய நாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை காலடி என்றுகூடக் காட்டுகிறது. இதுவரை மொத்தத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 16-ஐத் திறந்தேன். பாலர் பள்ளிக்கு லீவு. வீட்டைவிட்டு நாங்கள் வெளியே போகவில்லை. 11,312. இந்த நான்கறை வீட்டுக்குள்ளேயே! காலை 5.40-க்குத் தொடங்கியிருக்கிறாள். நான் எழுந்தது எட்டு மணிக்கு. நான் பேப்பர் படித்த நேரத்தில் தொள்ளாயிரம். சாப்பிட்ட நேரத்தில், நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நானூற்றுச் சொச்சம். ரசம், அப்பளம், தண்ணீர், இன்னொரு கரண்டி சோறு. அத்தனையும் எனக்கு. இரவு பத்தரைவரை ஒரு மணி நேரம்கூடச் சும்மா இல்லை.

அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது: நல்ல ஓய்வு.

கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இனிக் கணக்கு வேணாமா?" என்றாள். "வேணாம் மணி, போதும்." இருபத்தொன்பது வருஷம் இந்தக் கால்கள்தான் என்னைச் சுமந்திருக்கின்றன. என்ன கொடுத்துவைத்தவன் நான். என்ன குருடன்.

4 மே, ஞாயிறு

தேக்கா சந்தைக்கு நானே போனேன். 6,020. கத்தரிக்காய் பூச்சியாம், மீன் நேற்றையதாம். மணி சிரித்துக்கொண்டே ஆய்ந்தாள். துணி காயப்போட்டேன். துணி மாட்டிய மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியதும், நான் வீட்டில் கட்டும் சாரம் நழுவிக் கீழே மூன்றாம் மாடிக் கழியில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வீட்டு மைமூன் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்க்காமல் மணியைப் பார்த்துச் சிரித்தார்.

15 மே, வியாழன்

மணியின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. ஆனால் ரத்தம் குறைவு, நிறையவே குறைவு. இரும்புச்சத்து மாத்திரை, ஓய்வு. அடிக்கடி தலை சுற்றுமா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு வருஷமாக என்று சாதாரணமாகச் சொல்கிறாள்! சமையலறை முக்காலியில் அவள் உட்காரும்போதெல்லாம் சும்மா இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

"ஏன் சொல்லலை?"

"சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லைன்னு நினைச்சேங்க."

சேவியரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் அண்ணே, நீங்க ஒரு மாடி ஏறவே லிஃப்டுக்கு நிப்பீங்க" என்றான். மனம் லேசானது.

8 ஜூன், ஞாயிறு

பாத்திரம், கூட்டுவது, துணி — மூன்றும் என்னுடையவை. முதுகு பிடித்துக்கொண்டது. கத்திவிட்டேன் ஒரு தடவை, உப்பு டப்பாவை இடம் மாற்றியது யாரென்று. மாற்றியது நான்தான்.

29 ஜூலை, செவ்வாய்

7.4! ஊசி இல்லை. டாக்டர் கைதட்டினார். மணிக்கும் ரத்தம் ஏறியிருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, நன்றி மட்டும் சொன்னேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு மணி சோபாவிலேயே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தேன். நாலு மணிக்கு நல்ல மழை. திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, துணி!"

"எடுத்தாச்சு. மடிச்சும் வச்சாச்சு."

எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள். எங்கே போவது என்று தெரியாததுபோல் இருந்தது. பிறகு திரும்பவும் உட்கார்ந்தாள். காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒரு தேத்தண்ணி போடுங்க" என்றாள். நான் அடுப்படிக்குப் போனதும் பின்னாலிருந்தே குரல் வந்தது. "சீனி நல்லா போடணும். சர்க்கரை உங்களுக்குத்தானே, எனக்கில்லையே."

நன்றாகவே போட்டேன்.