விரலால் ஓட்டிய ரயில்

மச்சான்,

இன்று காலை கடையில் பெயர்ப் பலகைக்கு அக்ரிலிக் ஷீட் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கருகல் வாசனை எழுந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன்.

தினமும் ரயிலில் ஆபீஸ் போய் வந்தவன் நீ. வீட்டுக்கு வந்தும் ரயில்தான். ஊரப்பாக்கம் வீட்டு மாடி அறையில் பொம்மை ரயில் ஓட்ட செங்கல்பட்டு ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டி வைத்திருந்தாய், ஏரிகூட உண்டு. எந்த ரயில் எந்தத் தடத்தில் போவது என்று சுவிட்ச் போட ஒரு பேனல் கேட்டாய். நீ வரைந்த தண்டவாளப் படத்தை ஷீட்டில் பிரின்ட் எடுத்து, சுவிட்சுகளுக்குத் துளை வெட்டிக் கொடுத்தேன். கைக்குழந்தையைப் போல வாங்கிக்கொண்டாய்.

கொஞ்ச காலத்திலேயே திரும்பி வந்தாய். "இன்னாடா, கோடு மெலிசா கீது. தடியா போட்டுக் குடு." போட்டேன். பிறகு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாய். அப்புறம் கறுப்பில் மஞ்சள் கோடு கேட்டாய். ரூமில் வெளிச்சம் போதவில்லை என்றாய், நானும் நம்பினேன். சர்க்கரை உன் கண்ணைத் தின்றுகொண்டிருந்ததை உன் மனைவிதான் போனில் சொல்லி அழுதாள்.

அந்த ஞாயிறு உன்னை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். என் தோளைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றாய்.

"கடல்ல போட்டு எதுனா போவுதா?"

"போவுதுடா."

பிறகு, "பேனல்ல கோட்ட மேடா வெச்சுக் குடு மச்சான். தடவிப் பாத்து ஓட்டிக்கிறேன்" என்றாய்.

அக்ரிலிக்கை மெல்லிய பட்டைகளாக வெட்டி, தண்டவாளம் போன வழியெல்லாம் ஒட்டிக் கொண்டுவந்தேன். உன் விரல் பிளாட்பாரத்திலிருந்து மெதுவாக நகர்ந்து, தடம் பிரியும் இடத்தில் நின்று, சுவிட்சைத் தட்டியது. தலையைச் சாய்த்துச் சக்கரச் சத்தம் கேட்டாய். "போய்ட்சி பாத்தியா!" நான் ரயிலைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஓரந்தான் கீறுது. தேய்ச்சிக் குடு."

தேய்த்து எடுத்துக்கொண்டு வந்த காலையில் உன் தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியலில் நெஞ்சு வலியாம். பேனலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். உன் மனைவி அதை வாங்கி, ஓரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு கீதுண்ணா."



இப்போதெல்லாம் கடைப் பெயர்ப் பலகையோ, வீட்டு நம்பரோ, எதை வெட்டினாலும் கண்ணை மூடி ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். கீறுகிறது என்று சொல்லத்தான் நீ இல்லை.