யூசுஃப் விட்டுக்கொடுக்காத சீட்

ஸ்ஃபாக்ஸ்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

என் அன்பு மகள் ஹாஜருக்கு, உன் மீதும் மருமகன் அனிஸ் மீதும் கண்ணான மூன்று பிள்ளைகள் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கை ரஹ்மாவும் நலம், முற்றத்து எலுமிச்சையும் நலம், வாப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகும், மற்றபடி அதுவும் நலம். மான்ட்ரியலில் பனி விட்டதா, பிள்ளைகளுக்குச் சளி விட்டதா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிள்ளைகள் மிச்சம் வைத்ததைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறாயா?

(அக்கா, எழுதுகிற கை ரஹ்மாவுடையது. நாளைக்கு நபீஹா சின்னம்மா மகளின் கல்யாணம். உம்மா இரண்டு கையிலும் மருதாணி வைத்துத் துணி சுற்றிக்கொண்டு குத்துச்சண்டைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவரால் சொல்ல முடியும், எழுத முடியாது, முக்கியமாக அடிக்க முடியாது. ஆகவே அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. படித்துக் காட்டச் சொன்னால் இவற்றை மட்டும் விழுங்கிவிடுவேன்.)

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஊருக்கு வருகிற பேச்சை எடுத்தாலே நீ அடுப்பில் பால் இருக்கிறது உம்மா என்று வைத்துவிடுகிறாய், மூன்று வருடமாக அந்தப் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார். பக்கத்து வீட்டு வலீத் நாளைக்கு அங்கே கிளம்புகிறான், அவன் கையில் இது வரும். இந்தக் கோடைக்கும் வரவில்லை, அனிஸுக்கு லீவு இல்லை, மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தனியாக விமானத்தில் ஏற மாட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவள் மர்யம் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள், அவளை நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. வாப்பா இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறார். (வாப்பா தன் பழைய வண்டியின் முன் சீட்டில் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறார், என்னைப் பின்னால் எண்ணெய் டப்பாக்களோடு ஏறச் சொல்கிறார். தொப்பிக்கு இருக்கும் மரியாதை பெற்ற மகளுக்கு இல்லை. இதையும் குறித்துக்கொள்.)

பயம்தான் காரணம் என்றால் பயத்துக்கு வழி தேடுவோம் என்று இறங்கிவிட்டேன். மான்ட்ரியலிலிருந்து யார் வந்து இறங்கினாலும் அவர்கள் முகம் கழுவுவதற்குள் நான் வாசலில் நிற்கிறேன், எதில் வந்தாய், சீட் எப்படி, பெட்டி எத்தனை விட்டார்கள், எப்படி ஏற்றினார்கள் என்று ஒன்று விடாமல் கேட்கிறேன். (பேக்கரிக்காரர் மகன் உம்மாவைக் கண்டால் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறான். சுங்கத்துக்காரர்கூட இவ்வளவு கேட்கவில்லை என்றானாம்.) கம்பெனிப் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது, விமானத்தின் வால் நிறத்தை வைத்தே சொல்கிறேன். நீ போன தடவை வந்த பச்சை வால் நேராக வரும், நடுவில் இறங்கி ஏற வேண்டாம், ஆளுக்கு இரண்டு பெட்டி விடுகிறார்கள், அதெல்லாம் சரிதான். ஆனால் எந்த சீட் என்பது கவுன்டரில் போய் நின்றால்தான் தெரியும். பிள்ளை வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் ஏறுங்கள் என்று அறிவித்தால் நம் ஜனம் மொத்தமும் எழுந்து நிற்கிறது, நம் ஊரில் குடும்பம் இல்லாதவர் யார்? நபீஹா சின்னம்மா அதில் வந்தபோது வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கிழவர், மீசை நரைத்த தன் மகனைக் காட்டி, “இவன் எனக்குக் குழந்தைதான்மா” என்றாராம். மஞ்சள் வாலில் டிக்கெட் மலிவு, ஆனால் சீட்டைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு, பெட்டிக்குத் தனிக் காசு, தள்ளுவண்டியைக்கூடப் பெட்டிக் கணக்கில் சேர்க்கிறார்கள். (அது பறக்கும் கம்பெனி இல்லை அக்கா, பறிக்கும் கம்பெனி.) நீல வாலில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும், அது ஒன்றுதான் குறை. மற்றபடி பிள்ளைகளைத் தாயின் பக்கத்தில் காசு வாங்காமல் உட்கார வைக்கிறார்கள், கைக்குழந்தைக்கு முன்வரிசையில் தொட்டில் மாட்டித் தருகிறார்கள், தள்ளுவண்டியை விமானத்தின் வாசல் வரை கொண்டு போகலாம், கைக்குழந்தையின் பயண அட்டையைப் பார்த்துத்தான் முதலில் ஏற்றுகிறார்கள், நரைத்த மீசையெல்லாம் அங்கே செல்லாது.

சீட்டின் அகலத்தை மட்டும் அடுத்தவர் சொல்லி நம்ப மனம் வரவில்லை. தையல் டேப்பை எடுத்துக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட் பயணிக்கு நபீஹாவை உட்கார வைத்தேன், அவள் உடம்புதான் உனக்குத் தெரியுமே. இந்தக் கழுதை ரஹ்மா நான் பார்க்காத நேரத்தில் நாற்காலிகளை இன்னும் நெருக்கி வைத்துவிட்டாள். நபீஹா உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை, “அடியே ஸாலிஹா, இது விமானமா மத்தி மீன் டப்பாவா? என் இடுப்பு இங்க இருக்கு, நான் எங்கடி?” என்று கத்துகிறாள். ரஹ்மா கையில் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, “பயணிகள் கவனத்திற்கு, இருக்கை என்றால் இரு கைக்குத்தான் இடம், மற்றவை சரக்கில் போகும்” என்கிறாள். “உன்னைக் கட்டிக்கப்போறவன் எந்த ஊர்ல பாவம் பண்ணிட்டிருக்கானோ” என்று நபீஹா நாற்காலியோடு எழுந்து துரத்தினாள். (இரண்டு நாற்காலிகளோடு, அக்கா. இரண்டு.)

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான். நேற்று மத்தியானம் சாப்பாட்டில் எல்லாம் மாறிவிட்டது. ரஹ்மாவும் உன் மூத்தவன் யூசுஃபும் போனில் விளையாடுவார்கள் இல்லையா, இவள் அவனிடம், நீ வராவிட்டால் இங்கே உன் கட்டிலை நான் எடுத்துக்கொள்வேன் என்று வம்பு இழுத்திருக்கிறாள். அதற்கு அவன், “நான் என் எடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன், ப்ளேன்லயே குடுக்கல” என்றானாம். அப்படி என்னடா என்று இவள் தோண்ட, பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இவள் அதைச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து வாப்பா எதிரில் கதையாக எடுத்துவிட்டாள். (சிரிப்பாக இருக்கும் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.)

நீங்கள் கடைசியாக வந்த அந்தக் கோடையில் யூசுஃபுக்கு மடியில் உட்காரும் வயது போய்விட்டது, முதல் தடவையாக அவனுக்கென்று ஒரு சீட். என் பேரனின் முதல் சீட்டை நான்தான் வாங்குவேன், என் வீட்டுக்கு வருகிற பிள்ளை அடுத்தவர் காசில் வரலாமா என்று வாப்பா இங்கே நம் கடைத்தெருவில் அவன் டிக்கெட்டை எடுத்தார். நீ அப்போது கைக்குழந்தையாக இருந்த அமீனை மடியில் வைத்துக்கொள்வதாக உன் டிக்கெட்டை அங்கே எடுத்தாய். கிளம்புகிற அன்று வாப்பா போனில் அவனிடம், “அது உன் சீட்டுடா ராஜா, தாத்தா வாங்கினது. யார் கேட்டாலும் எந்திரிக்காதே” என்று சொன்னது எனக்கும் காதில் விழுந்தது, நானும் சிரித்தேன். விமானத்தில் உனக்குத் தொட்டில் மாட்டிய முன்வரிசை, அவனுக்கு எங்கேயோ பின்னால், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில். உன் பக்கத்தில் இருந்த நல்ல மனிதர் எழுந்து, பையன் இங்கே வரட்டும், நான் அங்கே போகிறேன் என்றாராம். அந்தப் பிள்ளை சீட்டின் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்க தாத்தா வாங்கினது, தர மாட்டேன் என்று அலறினானாம். பணிப்பெண் சொல்லியும் கேட்கவில்லை, நீ சொல்லியும் கேட்கவில்லை. உன்னிடம் வரவும் ஆசை, தாத்தா பேச்சை மீறவும் பயம், இறங்குகிற வரை உன்னைக் கூப்பிட்டு அழுதுகொண்டே சீட்டைக் காவல் காத்திருக்கிறான். கடைசியில் ரஹ்மாவிடம் ஒன்று கேட்டானாம், நான் சீட்டை விடவில்லை என்று அம்மா அழுதாங்களே, தாத்தாவுக்கும் என் மேல் கோபமா, அதனால்தான் நாங்கள் வருவதில்லையா என்று.

அன்று நீ விமான நிலையத்தில் வாப்பாவின் தோளில் சாய்ந்து அப்படி அழுதாயே, பிரிந்த ஏக்கம் என்று நினைத்துவிட்டோம். அவர் மனசு நோகும் என்று மூன்று கோடையாக ஒரு வார்த்தை சொல்லாமல் பழியைப் பால் சட்டி மேல் போட்டிருக்கிறாயே என் கண்ணே, உன்னை நான் என்ன சொல்வது.

மீன் தலையை யாருக்கும் விட்டுத்தராத மனிதர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். ரஹ்மாவைப் பார்த்து, “அவன் என்ன கேட்டான்? அவன் கேட்ட மாதிரியே சொல்லு” என்றார். இவள் சொன்னாள். “இன்னொரு தரம் சொல்லு” என்றார். அப்புறம் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், கிளப்பவில்லை, தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன், டிக்கெட் கடைக்குப் போனோம். அங்கே இருக்கும் வஹீதா பொறுமையாகச் சொன்னாள், “மாமா, உங்க மகளுக்குக் குடும்பப் பேர் கம்மூன், பையனுக்கு அவங்க அப்பா குடும்பப் பேர் ஸெல்லாமி. டிக்கெட்டையும் ரெண்டு எடத்துல எடுத்தா, இவங்க தாயும் பிள்ளையும்னு மெஷினுக்கு யார் சொல்றது? எல்லார் பேரும் ஒரே பதிவுல இருக்கணும். பெட்டி எடையைக்கூட அப்பத்தான் சேர்த்துப் பார்ப்பாங்க.” வாப்பாவுக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும், “பேரனுக்கு ஒரு சீட்டுகூட வாங்கித் தராதவன் என்ன தாத்தா?” என்றார். “அவனை அம்மா பக்கத்துல உட்கார வைக்கிற தாத்தா” என்று நான்தான் சொன்னேன். மேசையில் எடுத்து வைத்த பணத்தைத் திரும்பப் பையில் போட்டார். பிறகு, “ஹாஜரே எல்லாத்தையும் எடுக்கட்டும்” என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை வர என்ன பாடு பட்டிருக்கும் என்று உனக்குத் தெரியும். (கம்மூன் என்றால் சீரகம்தானே. சீரகத்தைத் தனியாகக் கட்டினால் குழம்பு எப்படி மணக்கும்? இதை வஹீதாவிடம் சொன்னால் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டேன். உம்மா மருதாணிக் கையோடு முறைக்கிறார்.)

ஆகவே மகளே, நீல வாலில் எடு. நாலு பேர் டிக்கெட்டையும் ஒரே பதிவில் எடு, மடியில்தானே வருகிறாள் என்று மர்யம் பெயரை விட்டுவிடாதே. தொட்டில் வரிசை கேட்கும்போதே பையன்கள் இருவரும் அதே வரிசையில் வேண்டும் என்று சொல்லி, எடுத்த அன்றே எழுத்தில் வாங்கிக்கொள். பிள்ளைகளின் பெயர் உன் பெயரோடு ஒட்டாது என்பதால் பிறப்புச் சான்றிதழையும் அனிஸ் கையெழுத்துப் போட்ட சம்மதத்தையும் கைப்பையில் வை, பெட்டியில் வைக்காதே. மாறுகிற ஊரில் அவசர அவசரமாக ஓட வேண்டாம், நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறதைப் பார்த்து எடு. அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு சின்னப் பொட்டலம் என்று வருவார்கள், ஒன்றையும் வாங்காதே, முகத்தாட்சண்யம் பார்க்காதே, உன் கை பிள்ளைகளைப் பிடிக்க வேண்டிய கை. வலீதிடம் நான் கொஞ்சம் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் காய்ந்த பேய்க்கணவாயும் ஒரு டப்பா வறுத்த கோதுமை மாவும் கொடுத்தனுப்புகிறேன், சின்னப் பொட்டலம்தான். (வலீத் பெட்டியில் இப்போது அவன் சட்டை ஒன்றுதான் பாக்கி. அத்தை, கடிதம் மட்டும்னு சொன்னீங்களே என்று அழாத குறையாகக் கேட்டான். கடிதம்தான்டா, கொஞ்சம் காரமான கடிதம் என்றேன்.)

இதற்கு மேலும் பயமாக இருந்தால் வராதே, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், இதை மருதாணி மீது சத்தியமாகச் சொல்கிறேன் என்று ரஹ்மா தானாகச் சேர்த்து எழுதுகிறாள், நான் அப்படிச் சத்தியமெல்லாம் செய்யவில்லை. ஆனால் கோபம் இல்லை என்பது நிஜம். யூசுஃபுக்கு மட்டும் இன்றே பதில் சொல்லிவிடு, தாத்தாவுக்கு அவன் மேல் கோபம் இருந்ததே இல்லை என்று. அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தைப் பெருக்கட்டும், பிள்ளைகளின் நெற்றியில் நான் முத்தமிட்டதாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடு, மர்யமுக்கு இரண்டு. பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு இதை இன்னொரு தரம் படி.

உன் வரவுக்கு வாசலைப் பெருக்கி வைத்திருக்கும்
உம்மா ஸாலிஹா
(கை: ரஹ்மா. வாய்: உம்மா. மூளை: மறுபடியும் ரஹ்மா.)

(அக்கா, மடித்து ஒட்டப் போகும்போது வாப்பா வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. என்ன எழுதினார் என்று உம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை, நான் எட்டிப் பார்த்துவிட்டேன். தொப்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது.)

யூசுஃப், அந்த சீட்டை நீ நல்லா காத்தே. போதும்டா ராஜா. இந்தத் தடவை அம்மா எங்க உட்காரச் சொல்றாளோ அதுதான் உன் சீட். இங்க என் வண்டியில முன் சீட் உன்னோடது. நீ போனதிலிருந்து அதுல யாரையும் நான் உட்கார விடல. தாத்தா.