ஒரே மாதிரி ஜாடிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய கண்ணாடி ஜாடிகள் வந்து சேர்ந்தன, ரொம்ப அழகு. உன் தங்கை அன்றைக்கே எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டுப் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். "இனிமே நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து மிளகாயைப் பார்த்து அழாதுங்கம்மா" என்று ஒரே சிரிப்பு.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல டீ போட்டார். வாயில் வைத்தால் ஒரே உப்பு. என்ன யோசனையில் இருக்கீங்க என்று கேட்டேன். "எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, கைக்கு வித்தியாசமே தெரியல" என்றார். எனக்குப் பகீரென்றது. சர்க்கரை என்றால் மூலை உடைந்த ஐஸ்கிரீம் டப்பா, உப்பு என்றால் உருண்டையான வெண்ணெய் டப்பா, தையல் மிஷினுக்கு எண்ணெய் என்றால் ஷாம்பு பாட்டில், இப்படித் தடவித் தடவியே இத்தனை நாள் சமாளித்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்கச் சின்னவளைக் கூப்பிடுவதைச் சோம்பல் என்று நானும் கேலி செய்திருக்கிறேன். துருவிக் கேட்ட பிறகுதான், "எல்லாம் புகை படிஞ்ச மாதிரி தெரியுது, வெளிய சொல்லிடாதே, அப்புறம் எவன் எங்கிட்ட துணி தைக்கக் குடுப்பான்" என்றார்.

மூட்டையைத் திரும்ப உள்ளே இழுத்து எல்லாவற்றையும் பழைய டப்பாக்களுக்கே மாற்றிவிட்டேன். நீ மனசு கஷ்டப்படாதே, ஜாடிகளில் அவருடைய பட்டன்கள் இருக்கின்றன. ஆனால் டப்பாவைத் தடவி டீ போடலாம், பிளவுஸுக்குக் கழுத்து வெட்ட முடியுமா? கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "ஆபரேஷன்னு சொல்லிட்டா கடையை யார் பாக்குறது" என்று ஒரே பிடிவாதம். நான் சொன்னால் எரிந்து விழுகிறார், நீ சொன்னால் அடங்குவார். அதட்டாதே, அழுதும் வைக்காதே, ரொம்பப் பயந்துபோயிருக்கிறார் பாப்பா. வருகிறேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயால் சொல்ல வைத்துவிடு, கையைப் பிடித்து நான் கூட்டிப்போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இருவரும் நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிடு, அன்றைக்குத்தான் கடை இல்லை. நான் எழுதியதாக மட்டும் மூச்சு விடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா