சாரலில் எழுதிய அறிக்கை

அன்பு மாறாத அத்தானுக்கு,

இலஞ்சியில் உங்கள் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். அக்காவும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மெட்ராஸ் ஆபீஸில் உங்கள் மேஜை இப்போது எனக்கு. தென்காசி அரிசி ஆலைக்கு என்னை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள்.

"யோசனை சொல்லுததுக்கு மாசச் சம்பளமாலே?" என்று அப்பா சிரித்தபோது, ஆலோசனைக் கம்பெனி வேலையில் பல தொழில் பார்க்கலாம், மரியாதையும் உண்டு என்று நீங்கள்தான் எனக்காகப் பரிந்து பேசினீர்கள். நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. நூல் ஆலை, தீப்பெட்டி, செங்கல் சூளை என்று எத்தனை தொழிலைப் பார்த்துவிட்டேன்! சட்டை அழுக்காவதில்லை. சொந்தத் தம்பி பேச்சைக் கேட்காத முதலாளிகூட நமக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஆனால் நாம் சொன்னது சரியா தப்பா என்று தெரிவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். தப்பென்றால் அனுபவிப்பது வேறு யாரோ. இதைச் சேரும்போது நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்போது தெரியாதோ?

மூன்று வருடத்துக்கு முன் இந்தத் தென்காசி வேலை முதலில் வந்ததும் மேனேஜர் ஆடி மாதத்தைக் குறித்தது எதற்கென்று நம் இருவருக்கும் தெரியும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்து ஐந்தருவிக் குளியல், பிறகு ஆலை. நாம் இங்கே தங்கிய பத்து நாளும் சாரல் விடவில்லை. அவித்த நெல் களத்தில் காயாமல் கிடந்தது. களத்தை நம்பாதீர்கள், சூடான காற்றில் நெல்லை உலர்த்தும் இயந்திரம் வாங்குங்கள் என்று அறிக்கை எழுதினோம்.

நீங்கள் இந்த ஊர்க்காரர். பங்குனியில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தீர்கள். சந்தேகம் தொனிக்கிற அறிக்கையை யார் மதிப்பார்கள் என்று மேனேஜர் அதை அடித்துவிட்டார். நீங்கள் பேசாமல் கையெழுத்துப் போட்டீர்கள். நானும் போட்டேன். களத்தில் நெல் கிளறிய பதினெட்டுப் பெண்களுக்கு வேலை போனது.

இப்போது பங்குனி. காலையில் பரப்பிய நெல் சாயங்காலம் அள்ளும் பதத்துக்கு வந்துவிடுகிறது. இருக்கிற நாலைந்து ஆட்களால் கிளறி மாளவில்லை. வெயில் காய்கையில் விறகு எரித்து ஓட்டினால் கட்டாது என்று இயந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

முதலாளி அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார். "களத்து ஆளுகளைத் திரும்பக் கூப்பிட எனக்குச் சம்மதம்தான் தம்பி. ஆலைப் பங்காளிக ஒத்துக்கிட மாட்டுக்காவ. உங்க கம்பெனி எழுதுனதை நான் எப்படி மாத்த? நீங்களே தப்புன்னு எழுதித் தாங்க."

மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டு மேனேஜரிடம் பேசினேன். "நிலைமை மாறிவிட்டது என்று எழுது. நாம் தவறினோம் என்று எழுதினால் நீ வேறு வேலை தேடிக்கொள்," என்றார். எந்த நிலைமை மாறியது அத்தான்? குற்றாலத்துச் சாரல் எந்தக் காலத்தில் பங்குனியில் விழுந்தது?

வேலை போவதைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. தப்பு என்று எழுதினால், அன்று ஆலையைப் பார்த்தவர்கள் யார் என்றும் எழுத வேண்டும். முதல் பெயர் உங்களுடையது. இறந்தவர் பெயரை எதற்கு இழுப்பது என்று விட்டுவிடப் பார்த்தேன். அதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. அக்காவிடமே கேட்டேன்.

அவள் அழவில்லை. "ஏலே, அவுக பேரை எடுத்துராத," என்றாள். "லீவுல வந்தப்ப அந்தப் பொம்பளைகளைத் தென்காசிச் சந்தையில பாத்தா, உங்க அத்தான் வேற தெரு வழியா வருவாக. அவுக பேராவது ஒருநாள் நேரா நடந்து வரட்டும்."

எழுதிவிட்டேன் அத்தான். சாரலில் வந்து பார்த்தோம், தவறிவிட்டோம் என்று ஒரே வரி. உங்கள் பெயர் முதலில், அதற்குக் கீழே என் பெயர். நாளைக் காலை என் கையாலேயே அண்ணாச்சியிடம் கொடுப்பேன். அந்தப் பெண்கள் களத்தில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்புவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு கையெழுத்திட்ட
மைத்துனன்