வலித்தால் கையைத் தூக்கு

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று ஒரு வாண்டு என் விரலைக் கடித்துவிட்டான். கையுறையைத் தாண்டிப் பல் பதிந்திருக்கிறது. கடைவாய்ப் பல் பாதி சொத்தை, ஆனால் கடிக்கிற பலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவன் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. நான் சிரித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னேன்: "வலிச்சா கையத் தூக்கு. தூக்கின உடனே நிறுத்திடுவேன்." தூக்கினான், நிறுத்தினேன். வலிக்காமலே இன்னொரு தடவை தூக்கினான், அதற்கும் நிறுத்தினேன். நாலைந்து தடவை சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சமத்தாக வாயைத் திறந்து கொடுத்தான். எந்தப் பிள்ளையும் இப்படித்தான். பல் வைத்தியத்தில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான்.

என் மகள் எறும்பு பள்ளி விட்டு வந்து கிளினிக்கின் மூலை நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் இப்படி அசையாமல் உட்காருகிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மலை. அவளுடைய ஷூவை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "சரியா இருக்கா?" "இருக்கும்மா." நல்லது. இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கும்.

செப்டம்பர் 7, வியாழன்

வீட்டுக்காரர் இப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன். ஊரில் உள்ள மாடிகளை எல்லாம் நாள் முழுக்க ஏறி இறங்கினாலும், மலை என்றதும் முட்டி வலி வந்துவிடும். "மலைக்கு ஒரு லிஃப்ட் வைக்கச் சொல்லு, நானே இலவசமா மாட்டித் தரேன்" என்கிறார். சின்னவன் மூட்டை கைதட்டுகிறான். நாலு வயசு அவனுக்கு. பாதி மலை அப்பா தோளில்தான் ஏறுவான், அதனால்தான் மூட்டை. அக்காக்காரி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, ஒரு முனகல் இல்லாமல் என் பின்னாலேயே வருவாள். அதனால் எறும்பு.

எங்கள் வீட்டில் மிட்டாய் கிடையாது, பல் வைத்தியர் வீடு இல்லையா. மலை உச்சியில் மட்டும் ஆளுக்கு ஒன்று. ஆனால் வழியில் "இன்னும் எவ்வளவு தூரம்", "கால் வலிக்குது" என்று வாயைத் திறந்து முனகினால் அந்த மிட்டாயும் போச்சு. சட்டம் என்னுடையது. மூட்டை ஒவ்வொரு தடவையும் தோற்பான், அப்பாவின் மிட்டாயில் பாதியைப் பிடுங்கிக்கொள்வான். எறும்பு இதுவரை ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. எனக்கு அதில் பெருமை, எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

செப்டம்பர் 9, சனி

அடிவாரத்து விடுதி. கட்டில் இரண்டு, கொக்கி இல்லாத ஜன்னல் ஒன்று, ஈரக் கம்பளி வாசனை. நாளைக்கு மலை மேல் இருக்கிற ஏரி.

செப்டம்பர் 10, ஞாயிறு

குழந்தைகள் வாய்க்குள் ஊசி பிடிக்கிற கை இது. எழுத்து எனக்கே புரியவில்லை.

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நாலு பேரும்.

ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். தண்ணீர் இல்லை, உருண்டைக் கல்தான். அகலம் எங்கள் தெரு அளவு. தாண்டி ஏறினால் அரை மணியில் ஏரி. தலைக்கு மேலே நல்ல வெயில், நீல வானம். நான் முன்னால். எனக்குப் பின்னால் எறும்பு. கடைசியில் அவர், தோளில் மூட்டை, கையில் கேமரா.

ஓடைக் கரைக்கு வந்ததும் எறும்பு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு, இதோ வந்துட்டோம்."

"வர மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன். கெஞ்சினேன், கொஞ்சினேன், மிட்டாயைக் காட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தால் மற்ற கையால் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக்கொள்கிறாள். இவளா? எறும்பா? இரண்டு மாசமாகத் திட்டம் போட்டு, விடுப்பு எடுத்து, இந்த மனுஷனைக் கெஞ்சிக் கிளப்பி இவ்வளவு தூரம் வந்து — அரை மணி தூரத்தில் —

அறைந்துவிட்டேன்.

கன்னத்தில். பளார் என்று. நான் பிள்ளைகளை அடித்ததே இல்லை. "ஏய், என்ன பண்ற நீ!" என்று அவர் கத்தினார். அவள் அழவில்லை. அவள் அழாதது இன்னும் ஆத்திரமாக இருந்தது. "நீ இங்கேயே கெட, நாங்க போறோம்" என்று விருட்டென்று ஓடைக்குள் இறங்கினேன். நாலு கல் தாண்டியிருப்பேன். இன்னும் ரெண்டு வார்த்தை திட்டலாம் என்றுதான் திரும்பினேன்.

அப்போதுதான் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். மேலே வளைவில் பழுப்பாக ஏதோ வருகிறது. மண்தான் சரிகிறது என்று நினைத்தேன். தண்ணீர். மரம், கல், மண் எல்லாம் சேர்ந்த தண்ணீர். அவர் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார், முட்டி தேய்ந்து கரையில் விழுந்தேன். நான் நின்ற கல் இல்லை. ஓடையே இல்லை. ஒரு ஆறு ஓடுகிறது!

அவள் உட்காராமல் இருந்திருந்தால் நாலு பேரும் நடுவில் இருந்திருப்போம். மூட்டை தோளில் இருந்திருப்பான்.

வனக்காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "மேல கொட்டியிருக்கு. இங்க வெயிலடிக்கும், அங்க கொட்டும். கால வெச்சிருந்தீங்கன்னா..." முடிக்காமல் குழந்தைகளைப் பார்த்தார். பிறகு எங்களை விரட்டாத குறையாகக் கீழே இறக்கினார். இறக்கம் முழுக்க அந்தக் காவலர்தான் எறும்பைத் தூக்கி வந்தார். நான்தான் கெஞ்சிக் கேட்டேன், என் முட்டியில் ரத்தம், வீட்டுக்காரர் தோளில் மூட்டை. வண்டியில் ஏறியதுமே அவள் தூங்கிவிட்டாள். எங்க வீட்டுக்காரர் அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு ஷூவை மட்டும் கழற்றினார்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். கன்னத்தில் என் விரல் இன்னும் தெரிகிறது.

செப்டம்பர் 11, திங்கள்

வீடு வந்து சேர்ந்தோம். அவர் காலையிலிருந்து போனை வைக்கவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்கிறார். நானும் நாத்தனாரிடம் பேசினேன். "குழந்தைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு அண்ணி! இல்லன்னா அந்த இடத்துல எதுக்கு உக்காரணும்?"

அறைந்ததைச் சொன்னேன். "அடிக்கிற கைதான் அணைக்கும், விடுங்க" என்றாள். எனக்கு இந்தப் பழமொழியே பிடிக்கவில்லை. அடி வாங்கினவர் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எறும்பு நாள் பூரா சாக்ஸைக் கழற்றவில்லை. குளிருதாம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

கிளினிக் உதவியாளப் பெண் வேலைக்கு நடுவில் எறும்பின் முன் மண்டி போட்டு, "பாப்பா, நான் கட்டிக்க நெனைக்கிற பையன் வீட்ல சம்மதிப்பாங்களா, சொல்லேன்" என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளையிடம்! வாட்ச்மேன் வேறு இன்று மழை வருமா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது தண்ணி வரும்னு?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு உக்காந்த?"

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். குளிக்க வைக்கும்போது சாக்ஸை நானே இழுத்தேன். துணி விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கட்டை விரல் நகமும் கருப்பு. இடதுகால் நகம் வேரோடு ஆடுகிறது. குதிகாலில் காசளவு தோல் இல்லை. இது இறங்கும்போது வந்ததில்லை, அவளைத் தூக்கித்தானே வந்தார்கள். ஏறும்போதே, முதல் மேட்டிலிருந்தே நசுங்கியிருக்கிறது. இந்தக் காலோடு அவ்வளவு தூரம் என் பின்னால் நடந்து வந்திருக்கிறாள். முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லை. ஒரு அதிசயமும் இல்லை. ஷூ பத்தவில்லை. அவ்வளவுதான். பிள்ளை வளர்ந்திருக்கிறாள், பெற்றவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீரைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிப் போடவில்லை.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன? என் காதுல விழவே இல்லையே."

"நிறைய தடவை சொன்னேன். நீ பாக்கல."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். சொல்வது காதில் விழுகிற விஷயம், பார்க்க என்ன இருக்கிறது? மருந்து போட்டுத் தூங்க வைத்தேன். பொய் எல்லாம் எப்போது பழகினாள்?

செப்டம்பர் 13, புதன்

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மூன்று பல் பிடுங்கினேன்.

செப்டம்பர் 14, வியாழன்

சாயங்காலம் அவர் கேமராவை டிவியில் மாட்டினார். ஓடைக்கு முன்னால் எடுத்த படங்கள். நான் பார்க்க மாட்டேன் என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மூட்டைதான் கூப்பிட்டான். "அம்மா, அக்கா பாரு, பல்லாஸ்பத்திரி விளையாடுறா!"

ஈரக் கையோடு வந்து பார்த்தேன்.

முதல் படம். எனக்குப் பின்னால் எறும்பு, வலது கையை நேராகத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். முன்னால் என் முதுகு. அடுத்த படம், வேறு இடம், அதே கை. அதற்கடுத்தது. ஒன்றில் தூக்கிய கை வலித்திருக்க வேண்டும், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் என் முதுகுதான். பை, தொப்பி, முதுகு.

"கொடி புடிச்சிட்டு நடக்கிற மாதிரி அழகா இருந்துச்சு. அதான் எடுத்தேன்" என்றார் அவர். பாவம், அவர் கிளினிக்குக்குள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். டிவியை அணைத்தார்.

வாயைத் திறந்தால் மிட்டாய் போச்சு. அது என் சட்டம். கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன். அதுவும் நான் கொடுத்த வாக்குதான். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்து, சட்டத்தையும் மீறாமல், வாக்கையும் நம்பி, கையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் திரும்பவே இல்லை. கடைசியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கு அறைந்தேன்.

ஊருக்குத்தான் உபதேசம். ஊரான் பிள்ளை விரலை அசைத்தால் மெஷினை நிறுத்துகிறேன், என் பிள்ளை மலை பூரா கையைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறாள்.

இன்னொன்றும் மனதைக் குடைகிறது. நான் முதல் மேட்டிலேயே திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே இறங்கியிருப்போம், ஓடைப் பக்கமே போயிருக்க மாட்டோம். அவளுக்கு வலிக்காமல் இருந்திருந்தால் ஓடைக்கு நடுவில் இருந்திருப்போம். அந்த நசுங்கின விரல்தான் நாலு உயிரைக் காப்பாற்றியது. சந்தோஷப்படவா? எப்படிப் படுவது? எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

செப்டம்பர் 16, சனி

மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனுஷிகளிடம் கேட்கிற மாதிரி, எதிரில் உட்கார்ந்து. அடிச்சது தப்பு. திரும்பிப் பாக்காதது அதை விடப் பெரிய தப்பு. நீ பொய் சொல்றேன்னு நினைச்சதும் தப்பு.

நகத்தின் மேல் போட்ட கட்டுத் துணியைத் தடவிக்கொண்டே ஒன்று கேட்டாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்.

"நீ கிளினிக்ல மட்டும்தான் நிறுத்துவியாம்மா?"

இல்லடா, இல்லடா என்று ஏதோ உளறினேன். அவள் தலையாட்டினாள். நம்பிய தலையாட்டல் இல்லை அது. எனக்குத் தெரியும், தினமும் நாற்காலியில் பார்க்கிறேனே. "வலிக்காது" என்று சொல்லும்போது பிள்ளைகள் இப்படித்தான் மரியாதைக்குத் தலையாட்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இடதுகால் நகம் விழுந்துவிட்டது. மூட்டை அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளக் கேட்டு அழுதான். எறும்பு சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

பழைய ஷூவைக் குப்பையில் போட்டேன். மிட்டாய்ச் சட்டத்தையும் ரத்து செய்தேன். "அப்ப தினமும் மிட்டாயா?" என்று அவர் கேட்டார். "சொத்தை வந்தா யார் பாக்கறது? நீங்களா நானா?" என்று நான் சண்டைக்குப் போனேன். வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருந்தது.

மலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

மலைக்கு எப்போது போகிறோம் என்று கேட்டது யார்? எறும்பு! நான்தான் "பாக்கலாம்" என்று நழுவினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி இருக்கிற சின்னக் குன்று. ஓடை இல்லை, காடு இல்லை. கிழவர்கள் காலையில் நடக்கிற பாதை. நேற்றே வானிலையை நாலு தடவை பார்த்தேன். எறும்புக்கு விரல் திறந்த செருப்பு.

இந்த முறை அவளை முன்னால் விட்டேன். நான் பின்னால். எனக்குப் பின்னால் அவரும் மூட்டையும்.

பத்தடி போயிருப்போம். கையைத் தூக்கினாள். நின்றேன். "எங்கடா வலிக்குது?" என்று குனிந்தேன். "வலிக்கல" என்றாள், நடந்தாள்.

ஒரு விளக்குக் கம்பம் வரைக்கும் போனோம். மறுபடி கை. மறுபடி நின்றேன். திரும்பி என் காலைப் பார்த்தாள், நிஜமாகவே நிற்கிறேனா என்று. முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

"என்ன, வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிக்குது?" என்றார் அவர். நான் திரும்பி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். அடுத்த தடவை அவரும் நின்றார். தோளில் இருந்த மூட்டையும் "நில்லு நில்லு" என்று அவர் தலையில் தட்டினான். எங்களைத் தாண்டிப் போன கிழவர் ஒருவர், இறங்கி வரும்போதும் நாங்கள் அதே வளைவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தொட்டி வரைக்கும் போய்ச் சேரவும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. பாதிக் குன்றில், போகிறவர் வருகிறவர் காலில் இடறுகிற இடத்தில் உட்கார்ந்து மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தேன்.

இறங்கும்போது அவள் கையைத் தூக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்று, "அம்மா, இடது கால் வலிக்குது" என்று வாயைத் திறந்து சொன்னாள்.

தூக்கிக்கொண்டேன். நல்ல கனம். வளர்ந்துவிட்டாள்.