நிலாவை விழுங்கிய முதலை

ஆர்லாண்டோ,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் காரினுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். கலிஃபோர்னியாவில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே தினமும் மதியம் மழை. கொல்லையில் எலுமிச்சை இந்த வருஷம் பூக்கவே இல்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, பேச்சுத்தான் குறைந்துபோனது. கேளிக்கைப் பூங்காவில் அவர் கட்டிய முதலைப் படகுச் சவாரியை எடுத்துவிட்டு, உங்கள் கம்பெனியின் கரடிப் படத்தை வைத்துப் புதுச் சவாரி கட்டப்போவதாகச் செய்தி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதில் பொறுப்பாளர் என்று உன் பெயர் இருந்தது. படித்துவிட்டு எழுந்து போய்ப் புல் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை படகுக்குக் கடைசி நாள். வரமாட்டேன் என்றவரை, அங்கே படகு ஓட்டிய ஓடெல் வந்து காரில் ஏற்றினார். "யோவ் லைல், நீ பெத்த முதலைய நீயே வழியனுப்பலன்னா எப்படி?" என்றார்.

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. மருந்து கலந்த தண்ணீரும் ஈர மரமும் சேர்ந்த வாசனை, உனக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டால் நீ அங்கேதான் வருவாய். முதலை விழுங்கிய நிலா அதன் வயிற்றுக்குள் எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று நீயும் அப்பாவும் ஒரு வாரம் சண்டை போட்டீர்கள். நீ சொன்ன மஞ்சளைத்தான் வைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மஞ்சள்தான் எரிந்தது.

வரிசையில் பழைய ஆட்கள் நிறையப் பேர். வர்ணம் பூசும் பிரிவில் இருந்த ஹார்லன், எல்லோர் முன்னாலும், "என்ன லைல், உன் படக உன் பொண்ணே கவுத்துட்டாளாமே?" என்று கேட்டார்.

உன் அப்பா நிதானமாகச் சொன்னார்: "ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி இருந்தாத்தான் பணம் போடுவோம்னு அவ கம்பெனியில மேலே இருக்கிறவங்க சொல்றாங்க. அவ என்ன செய்வா? யாருமே கேள்விப்படாத ஒரு முதலைய நம்பி எங்க முதலாளி பணம் போட்டாரு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்துச்சு, அவளுக்கு இல்ல. என்னைவிட அவ கெட்டிக்காரி, ஹார்லன்."

படகில் எங்களுக்கு முன்னால் கரடித் தொப்பி போட்ட ஒரு சிறுமி. திரும்பி, "இந்த முதலை எந்தப் படத்துல வருது?" என்று உன் அப்பாவிடம் கேட்டாள். "எந்தப் படத்துலயும் இல்லம்மா, இங்க மட்டும்தான்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அடுத்து என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதே" என்று தன் தாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலை வாயைத் திறந்தபோது அவள் போட்ட கூச்சலில் படகே ஆடியது. உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. வெளியே வந்தபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

நேற்று சாப்பிடும்போது, கரடிச் சவாரி திறக்கும் அன்று முதல் ஆளாகப் போய் நிற்பேன் என்றார். "அவ செஞ்சத நான் பாக்க வேணாமா?" என்றார். அதை அவளிடமே சொல்லுங்களேன் என்றேன். "வேணாம், அவளுக்குச் சங்கடமா இருக்கும்" என்கிறார். நீயும் அங்கே உட்கார்ந்து, அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

வியாழக்கிழமைதோறும் காலையில் நான் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவேன். வீட்டில் அவர் மட்டும்தான். அப்போது கூப்பிடு, மகளே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
அடீல்