ஆதிகேசவன் வீட்டு வற்றல்

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
1929 மார்ச் 11

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு உன் தாய் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே யாருக்கும் நோய் நொடி இல்லை. ரங்கூனில் உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும், உன் புத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெள்ளிக்கிழமை வந்த உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், மூன்று தரமும் அடுப்பில் போடலாமா என்றிருந்தது. உன் அப்பா, "உடுடி சவுரி, புள்ள தூரத்துல கீறான்" என்றார். தூரத்தில் இருப்பதால்தான் எழுதுகிறேன், பக்கத்தில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

கப்பல்காரர்களுக்காக டின்னில் அடைக்க உன் கம்பெனிக்கு நாற்பது மூட்டை வற்றல் வேண்டும், நம்ம பெண்களுக்குத் தெரியாத வேலையா என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியவன் நீதான். அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் பட்டை இடிக்கிற பெண்களை நிறுத்திவிட்டார்கள். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டினேன். எதிர்வீட்டு மீனாம்பாளும் நானும் பள்ளிகொண்டா தோட்டக்காரர்களிடம் தொண்டை வறள மல்லுக்கட்டி, கத்தரியும் கொத்தவரையும் பாகலும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்தோம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கவேண்டும், ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும் என்று நீ எழுதியதைப் படித்துக்காட்டியபோது மீனாம்பாள், "இன்னாக்கா இது, கத்திரிக்காய்க்கு ஜாக்கெட்டா தெக்கப் போறாங்கோ?" என்று சிரித்தாள். ஆனாலும் விரலை வைத்து அளந்துதான் நறுக்கினாள். உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, குன்றடிப் பாறையில் பரப்பி, இரண்டு மாதம் ஆட்டையும் காக்கையையும் விரட்டினோம்.

போன திங்கட்கிழமை உங்கள் கம்பெனி ஏஜெண்டு காசிநாதன் சரக்குப் பார்க்க அந்தப் பாறைக்கே வந்தார். மூட்டையில் கைவிட்டுக் கொத்தவரை வற்றல் ஒன்றை எடுத்து வாயில் போட்டார், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு பிடி. "பேஷா கீதே, எந்த ஊட்டு வத்தல்?" என்று கேட்டார். எங்கள் தெருதான் என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வேலி ஓரம் போய்த் துப்பினார், துப்பிக்கொண்டே இருந்தார். பச்சையாக நறுக்கிக் காயவைத்திருந்தால் அது வெறும் காய், உங்களிடம் வாங்கலாம், தண்ணீரில் போட்டு வேகவைத்துவிட்டால் அது சமைத்த சாப்பாடு, அதை எப்படி வாங்குவது என்று எனக்கே பாடம் சொன்னார். அளவு சரி, ருசியும் சரி, அந்த ஒரு கொதிதான் குற்றமாம். மீனாம்பாள் சும்மா இருப்பாளா? "சாமி, நீ கால்ல மாட்டிக்கினு வந்தியே அந்தத் தோலு, அதையும் நாங்கதான் தண்ணில ஊறப்போட்டோம். கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட போறியா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றவில்லை. போகும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெங்காய மண்டி ஆதிகேசவன் வீட்டில் செய்தது என்று சீட்டு எழுதினால் பாஸ் பண்ணுகிறேன், வாயை மூடிக்கொள் என்றார்.

இதற்கு நான் அழவில்லை, இப்படிப்பட்டவர்களைப் பிறந்தது முதல் பார்க்கிறேன். நான்கு நாள் கழித்து வந்த உன் கடிதத்தில், அவர் இங்கே வருமுன்பே நீயும் அதையே எழுதிப் போட்டிருந்தாயே, அதற்குத்தான் அழுதேன். ஆதிகேசவன் பேரிலேயே அனுப்பிவிடு அம்மா, டின் மேல் ஆசாரமாகச் செய்தது என்று அச்சடிக்கிறார்கள், அதோடு இந்த ஆபீசில் என்னை அருணாசலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்! அவர்களாகவே நினைத்தார்களா, நீ சொல்லி நினைத்தார்களா? ஞானஸ்நானத்தில் வைத்த பேரைக் கப்பலில் வரும்போது கடலில் போட்டாயா? தாய் எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்கிறாய், செத்துப்போய்விட்டாள் என்றா?

சரக்கை அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வீட்டுப் பாடு, என் ரோஷத்துக்காக அதைப் பாறையில் மட்க விடமுடியாது. ஆதிகேசவன் பேரில்தான் போகிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பேர மட்டுந்தான் குடுத்தேன்க்கா, எனக்கே பேஜாரா கீது" என்றான். நேற்று ரயிலேறியது, காசிநாதன் பணத்தை எண்ணிவைத்தார், பெண்கள் பங்கும் கைக்கு வந்துவிட்டது. இனி அந்தச் சரக்கை வைத்துக்கொள்வதும் கடலில் கொட்டுவதும் உன் கம்பெனி பாடு.

ஆனால் மூட்டைகளைத் தைத்தது நான். ஒவ்வொன்றின் வாயிலும், சாக்கின் மடிப்புக்குள், ஒரு காகிதம் வைத்துத் தைத்திருக்கிறேன். காய வைத்த பன்னிரண்டு பேரின் பெயரும் தெருவும் என் கையெழுத்தில் இருக்கிறது. முதல் பெயர் சவுரியம்மாள், அருளப்பனின் தாய். கிடங்கில் மூட்டை பிரிக்கிற வேலை உன்னுடையது என்று எழுதியிருந்தாய். வேறு யாரும் பார்க்குமுன் நீ கிழித்துவிடலாம், நான் தடுக்க முடியாது. நாற்பது மூட்டை இருக்கிறது, நாற்பது தரம் கிழிக்கவேண்டும். ஒன்றையாவது கிழிக்காமல் மேஜைமேல் வைத்தாயானால் வேலை போகும், ஊருக்கு வா, கஞ்சியாவது ஊற்றுவேன்.

தபசு காலம், வெள்ளிக்கிழமைகளில் கறி தின்னாதே. ஈரத்தில் நிற்காதே. மாதா உன்னை எந்தப் பேரில் தேடினாலும் கண்டுபிடித்துக் காப்பாற்றட்டும். பதில் எழுதும்போது உறையின் பின்பக்கம் உன் பேரை முழுசாக எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தே. சவுரியம்மாள்